தையல் நரம்பு போட்ட வயலின்

போன வாரம் பக்கத்து வீட்டு ராணி ஒரு வயலின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். மகளுக்காக வாங்கியது. முகமெல்லாம் கோபம்.

"ஆன்ட்டி, இதப் பாருங்க! பினாங்குல புதுசா வாங்குனது. பஸ்ல கொண்டாந்து தொறந்து பார்த்தா ஒடஞ்சு கெடக்கு. நம்ம தலையில கட்டிட்டான் லா!"

திறந்து பார்த்தேன். கம்பிகள் தளர்ந்து கிடந்தன. அவற்றைத் தாங்கி நிற்க வேண்டிய மரத்துண்டு மல்லாந்து படுத்திருந்தது. அதற்குக் குதிரை என்று பெயர். ஓடாத குதிரை. நின்றால் போதும்.

"ஒடையலம்மா... விழுந்திருக்கு. அவ்வளவுதான்."

"விழுமா? ஒட்டியிருக்க மாட்டாங்களா?"

இதைத்தான் யாரும் நம்புவதில்லை. வயலினில் குதிரையை ஒட்டுவதில்லை. ஆணியும் கிடையாது. நாலு கம்பியும் மேலிருந்து அழுத்துகிற அழுத்தத்தில்தான் அது நிற்கிறது. வயிற்றுக்குள்ளே ஒரு சின்னக் குச்சி, மேல் பலகைக்கும் கீழ்ப் பலகைக்கும் நடுவில் முட்டுக்கொடுத்து நிற்கும். அதற்கும் பசை கிடையாது. கம்பியை மொத்தமாகக் கழற்றினால் அதுவும் விழுந்துவிடலாம்.

நிமிர்த்தி வைத்து, கம்பிகளைக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கி, சுருதி கூட்டிக் கொடுத்தேன். ராணிக்கு ஆச்சரியம்.

"இதெல்லாம் எங்க கத்துக்கிட்டீங்க ஆன்ட்டி? மியூசிக் ஸ்கூல்லயா?"

மியூசிக் ஸ்கூலா! மெர்போக் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில். ஜப்பான்காரன் காலத்தில். அவளிடம் சொல்ல ஆரம்பித்தேன். அடுப்பில் கறி இருக்கிறது என்று போய்விட்டாள். சரி, உங்களிடம் சொல்கிறேன். அடுப்பில் ஏதாவது இருந்தால் இறக்கி வைத்துவிட்டு வாருங்கள்.

அப்போது எனக்குக் கல்யாணமாகிக் கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. என் கணவர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெஸர். காயத்துக்குக் கட்டுப் போடுவது, காய்ச்சலுக்கு மருந்து கொடுப்பது அவர் வேலை. மாதத்துக்கு ஒருமுறை வரும் வெள்ளைக்கார டாக்டர் ஊரை விட்டு ஓடிய பிறகு டாக்டர், கம்பவுண்டர், நர்ஸ் எல்லாமே அவர்தான்.

என் அப்பாவுக்கு சுங்கை பட்டாணியில் ஜவுளிக்கடை. பெண்ணுக்கு வயலின் தெரிந்தால் நல்ல மாப்பிள்ளை வருவான் என்று யாரோ சொல்ல, வாத்தியார் வைத்துக் கற்றுக்கொடுத்தார். வந்த மாப்பிள்ளைக்குச் சங்கீதம் என்றால் தலைவலி. அது வேறு கதை.

தோட்டத்துக்கு என்னோடு வயலினும் வந்தது. ஜப்பான்காரன் வந்ததும் கம்பிகளைத் தளர்த்தி, துணியில் சுற்றி, அரிசி டிரம்மில் ஒளித்து வைத்தேன். அரிசிதான் இல்லையே... டிரம்மாவது எதற்காவது உதவட்டும்!

மரவள்ளிக்கிழங்கு தின்றது, சாக்குத்துணி கட்டியது எல்லாம் உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லிச் சொல்லிப் புளித்துப் போயிருக்கும். விட்டுவிடுகிறேன். ஒன்றை மட்டும் விட முடியாது. லாரி.

திடீரென்று வரும். சயாமில் ரயில் பாதை போடுகிற வேலை என்பார்கள். ஆண்களை ஏற்றிக்கொண்டு போய்விடும். போனவர்களிடமிருந்து ஒரு சேதியும் வராது.

அந்தச் சமயத்தில் தோட்டத்தில் ஒரு பேச்சு கிளம்பியது. கல்யாணம் ஆனவனை எடுக்க மாட்டார்களாம்! யார் சொன்னது? தெரியாது. யாரிடம் சொன்னார்கள்? அதுவும் தெரியாது. பயந்து கிடக்கிறவனுக்கு இதெல்லாம் கேட்கத் தோன்றுமா? பெண் வைத்திருந்தவர்களும் பிள்ளை வைத்திருந்தவர்களும் ஓடி ஓடிச் சம்பந்தம் பேசினார்கள்.

அப்படி முடிவானதுதான் வீரையா – லெட்சுமி கல்யாணம். இருவருமே எங்கள் தோட்டத்தில் ரப்பர் மரம் சீவிப் பால் எடுக்கிறவர்கள். வீரையாவுக்கு அப்பா இல்லை. அம்மா அஞ்சலை. அண்ணன் மாரிமுத்து. மாரிமுத்துவின் மனைவி மலேரியாவில் போய்விட்டாள். குழந்தை கிடையாது. நீயும் இன்னொரு கல்யாணம் செய்துகொள் என்று எல்லோரும் சொன்னார்கள். அவன் கேட்கவில்லை.

"என்னைய எடுத்தா எடுக்கட்டும். சின்னவன் தப்பிச்சா போதும்" என்று சொல்லிவிட்டான்.

எல்லாம் சரி. மேளம்?

கோயிலில் நாயனம் வாசித்தவரை முந்தின லாரி கொண்டுபோயிருந்தது. தவில்காரர் பண்டார் பாரு பக்கம் ஓடி ஒளிந்துவிட்டார். மங்கள வாத்தியம் இல்லாமல் தாலி ஏறக்கூடாது என்று அஞ்சலை ஒற்றைக் காலில் நின்றார். கடைசியில் பெரிய மகனைக் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தார்.

"டிரெஸரம்மா, உங்ககிட்ட ஒரு பிடிலு இருக்காமே?"

"இருக்குதான். ஆனா கல்யாணத்துல யாரு பிடில் வாசிப்பா?"

"சத்தம் வருமில்ல? சத்தம் இல்லாம தாலி கட்டுனா அது கல்யாணமா, களவா?"

டிரம்மைத் திறந்தேன். எலிக்கும் பஞ்ச காலம்தான் போலிருக்கிறது. வயலின் கம்பி என்கிறோமே தவிர, அந்தக் காலத்தில் பாதி நரம்புதான். ஆட்டுக் குடலில் செய்வது. இரண்டாவது தந்தியை எலி கடித்துத் தின்றிருந்தது. முதல் தந்தி இரும்புக் கம்பி. துருப்பிடித்து, தொட்டதும் உதிர்ந்தது. வெள்ளிக் கம்பி சுற்றிய தடித்த தந்திகள் இரண்டும் எப்படியோ தப்பியிருந்தன. குதிரை சாய்ந்திருந்தது. தூக்கி ஆட்டினால் உள்ளே கடகடவென்று சத்தம்.

மாரிமுத்து காதை வைத்துக் கேட்டான். "என்னம்மா உள்ள? பல்லி செத்துக் காஞ்சு கெடக்கா?"

"முட்டுக்குச்சி விழுந்திருக்கு. அதை நிமித்தலைன்னா சத்தம் தகரத்தைத் தட்டுன மாதிரி வரும்."

அதை நிமிர்த்துவது இருக்கிறதே... ஒரு ஒடிந்த குடையின் கம்பியை மாரிமுத்து வளைத்துக் கொடுத்தான். அதன் நுனியில் குச்சியைக் குத்தி, வயலினின் பக்கத்துத் துவாரம் வழியாக உள்ளே விட்டு, மெல்லிய தந்தி வருகிற பக்கத்தில், குதிரையின் காலுக்குச் சற்றுப் பின்னால் நிறுத்த வேண்டும். நிற்கும். கையை எடுத்தால் விழும். மறுபடி நிற்கும். மறுபடி விழும். மாரிமுத்து அதை வைத வசவையெல்லாம் பத்திரிகையில் எழுத முடியாது. ஒருவழியாக நின்றது.

முதல் தந்திக்கு எங்கே போவது? ரோட்டோரம் டெலிபோன் கம்பி நீளமாகத்தான் ஓடுகிறது. அதில் கை வைத்தால் தலை போகும். மாரிமுத்து கொஞ்சம் யோசித்தான். வெளியே போனான். தன் சைக்கிளின் பிரேக் கேபிளைப் பிடுங்கிக்கொண்டு வந்தான்! முறுக்கைப் பிரித்தால் உள்ளே மெல்லிய எஃகு இழைகள். ஒன்றை இழுத்துக் கட்டினேன். கணீரென்றது.

"பிரேக் இல்லாம எப்படி ஓட்டுவீங்க?"

"எங்கம்மா போகப்போறேன்? போனா லாரியிலதான் போவேன்."

சொல்லிவிட்டுச் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மீதி இரண்டாவது தந்தி. அதுதான் முக்கியம். 'ஸ' அதில்தான் பேசும். என் கணவரின் ஆஸ்பத்திரி அலமாரியில் தையல் நரம்பு இருந்தது எனக்குத் தெரியும். காயத்தின் உள்சதையைத் தைக்கிற நரம்பு. அதுவும் ஆட்டுக் குடல்தான். கண்ணாடிக் குழாயில் மருந்துத் தண்ணீர் ஊற்றி, உள்ளே சுருட்டி அடைத்திருக்கும்.

"இங்க பாருங்க, ஒண்ணே ஒண்ணு குடுங்களேன்" என்றேன்.

"அது மனுஷனுக்கு."

"கல்யாணமும் மனுஷனுக்குத்தானே?"

"கமலா... நாளைக்கு ஒருத்தன் வயித்தக் கிழிச்சுக்கிட்டு வந்து நின்னா, நீ பிடில் வாசி, காயம் ஆறட்டும்னு சொல்லவா?"

நியாயமான கேள்வி. ஆனால் மறுநாள் அவரே ஒரு குழாயைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். அதில் விரிசல். மருந்துத் தண்ணீர் வடிந்து, நரம்பு காய்ந்துபோயிருந்தது.

"இது ஆளுக்கு ஆகாது. ஆட்டுக்குடல் ஆட்டுக்குடலாவே இருக்கட்டும். எடுத்துக்கோ."

அவ்வளவு அன்பாக அவர் அதற்கு முன் எதையும் கொடுத்ததில்லை.

முதலில் நடு இரண்டு தந்திகளையும் தளர்வாகக் கட்டி, குதிரையை நிமிர்த்தினேன். பிறகு ஓரத்துத் தந்திகள். ஒன்றை முறுக்கினால் குதிரை முன்பக்கம் சாயும். இரண்டு கையாலும் பிடித்து நேராக்க வேண்டும். பிருடை என்கிற முறுக்காணி வழுக்கியது. ஒரு சாக்பீஸ் துண்டைத் தேய்த்ததும் பிடித்துக்கொண்டது. வில்லுக்குத் தடவ குங்கிலியம் வேண்டும்; மெர்போக் ஆற்றங்கரையில் படகு அடைக்கிற டாமார் பிசினைத் தூளாக்கித் தேய்த்தேன். சுருதிப்பெட்டி? என் தொண்டைதான்.

புது நரம்புக்கு ஒரு குணம் உண்டு. இழுபட்டுக்கொண்டே இருக்கும். காலையில் கூட்டிய சுருதி மத்தியானம் இறங்கியிருக்கும். மறுபடி ஏற்று... மறுபடி இறங்கும். கல்யாணத்துக்கு முந்தின நாள்தான் அது ஒரு வழிக்கு வந்து நின்றது. என் கணவர் அந்தப் பக்கமாகப் போனவர் நின்று கேட்டார். "பரவாயில்ல" என்றார். சங்கீதத்தைப் பற்றி வாழ்நாளில் அவர் சொன்ன ஒரே பாராட்டு!

கல்யாணத்தன்று காலை. லயத்துக்கு, அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்கு, முன்னால் தென்னங்கீற்றுப் பந்தல். நான் பாயில் உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருந்தேன். தோட்டத்துத் தண்டல், அதாவது வேலையை மேற்பார்க்கிறவர், மண்ணெண்ணெய் டின்னை மடியில் வைத்துத் தவிலாகத் தட்டிக்கொண்டிருந்தார். கேட்கக் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் அஞ்சலையின் முகத்தில் அப்படி ஒரு நிறைவு.

பந்தலுக்குப் பின்னால் மாரிமுத்து பாராங் கத்தியால் விறகு பிளந்துகொண்டிருந்தான். கட்டையில் ஒரு கணு. கத்தி வழுக்கியது. முழங்காலுக்குக் கீழே, ஆடுசதையில் இறங்கியது.

நான் பார்க்கவில்லை. சத்தம்தான் கேட்டது. எழுந்து ஓடினால், தரையெல்லாம் ரத்தம். என் கணவர் வேட்டியைக் கிழித்து இறுக்கிக் கட்டினார். ஒரு வீட்டுக் கதவைக் கழற்றி, அதில் அவனைப் படுக்க வைத்து, நாலு பேர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

பந்தலில் அஞ்சலை தலையில் அடித்துக்கொண்டார்.

"வேணாம்! இந்தக் கல்யாணமே வேணாம்! தாலி ஏறுறதுக்கு முன்னாடியே ரத்தம் பாத்துருச்சே... இவ உள்ள வந்தா இன்னும் என்ன என்ன பாக்கணுமோ!"

'இவ' என்றது லெட்சுமியை. மணையில் உட்கார்ந்திருந்த அந்தப் பெண் தலையை நிமிர்த்தவே இல்லை. அவள் என்ன செய்தாள்? விறகு பிளந்தாளா, கத்தி தீட்டினாளா? ஆனால் கூட்டத்தில் நாலு தலைகள் ஆடின. அபசகுனம்தான் என்று ஆடின. வீரையா எழுந்து நின்றவன் நின்றபடியே இருந்தான்.

அப்போதுதான் என் கணவர் திரும்பி ஓடி வந்தார். சட்டையெல்லாம் சிவப்பு.

"கமலா! அந்த ரெண்டாவது நரம்பக் கழட்டு."

"எதுக்கு?"

"அலமாரியில இருந்த நரம்பெல்லாம் பழசு. இழுத்தா அறுந்து போகுது. உள்ள சதை ரெண்டா பிளந்திருக்கு. சாதா நூலை உள்ள வெச்சா சீழ் பிடிச்சிரும்."

"இது ஆளுக்கு ஆகாதுன்னீங்களே?"

"இத்தன நாள் நீ முறுக்குன முறுக்குக்கு அறாம நிக்குதில்ல? அயோடின்ல ஊற வெச்சுக்கிறேன். கழட்டு சீக்கிரம்!"

முறுக்காணியை இளக்கினேன். மற்ற மூன்று தந்திகளும் இறுக்கமாக இருந்ததால் குதிரை சாய்ந்ததே தவிர விழவில்லை. நரம்பை உருவி அவர் கையில் கொடுத்தேன். பிசின் ஒட்டியிருந்தது. ஸ்பிரிட்டில் துடைத்தால் போய்விடும் என்றார். ஓடினார். கூடவே அஞ்சலை ஓடினார். நானும் ஓடினேன்.

மாரிமுத்து மேசையில் கிடந்தான். முகம் வெளுத்திருந்தது. மயக்க மருந்து ஏது? வாயில் துணியைக் கடிக்கக் கொடுத்திருந்தார்கள். நரம்பு அயோடினில் ஊறுகிற நேரத்தில், அவன் துணியைத் துப்பிவிட்டு அம்மாவைக் கேட்டான்.

"பிடில் சத்தத்த ஏன் நிப்பாட்டுனீங்க?"

"ராசா... வேணாம்டா. சகுனம் சரியில்ல. இன்னொரு நாள் பாத்துக்கலாம்."

"இன்னொரு நாளா? அதுக்குள்ள லாரி வந்தா? வெட்டுனது நானு. கையி என்னோடது, காலும் என்னோடது. அந்தப் புள்ள என்ன செஞ்சுச்சு? போ... போயி தாலியக் கட்டச் சொல்லு. சத்தம் இங்க வரைக்கும் கேக்கணும்."

அஞ்சலை அசையவில்லை. என் கணவர் ஊசியில் நரம்பைக் கோத்தார். முதல் குத்து. மாரிமுத்து கத்தவில்லை. அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டாவது குத்துக்கு அஞ்சலை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தார். பந்தலை நோக்கி நடந்தார். நான் பின்னால் போனேன்.

"கட்டச் சொல்லுங்க" என்றார். அவ்வளவுதான்.

குதிரையை நேராக்கி, மூன்று தந்திகளையும் சரிபார்த்தேன். 'ஸ' பேச வேண்டிய தந்தி இல்லை. அதனால் எல்லாவற்றையும் ஒரு ஸ்தாயி கீழே இறக்கி, தடித்த தந்திகளிலேயே ஆனந்த பைரவி வாசித்தேன். அடித்தொண்டையில் யாரோ பாடுவதுபோல இருந்தது. தண்டல் "கெட்டி மேளம்!" என்று அவரே கத்திவிட்டு அவரே டின்னை அறைந்தார். வீரையா தாலி கட்டினான். ஆஸ்பத்திரி வரைக்கும் கேட்டதாம். என் கணவர் சொன்னார்.

காயம் புழு வைக்கவில்லை, சீழ் பிடிக்கவில்லை. வாசித்த நரம்பு உள்ளேயே கரைந்துவிட்டது. ஆனால் சதை சுருங்கி, கால் சற்று வளைந்துபோனது. மாரிமுத்து நொண்டினான். லெட்சுமியை மட்டும் யாரும் ஒரு வார்த்தை சொல்ல விடமாட்டான். தம்பி மனைவிக்குப் பரிந்து பேசுகிறான் என்று லயத்தில் கேலிகூடச் செய்தார்கள்.

சில மாதங்கள் கழித்து லாரி வந்தது.

ஆண்களை வரிசையாக நிறுத்தினார்கள். ஒரு சிப்பாய் ஒவ்வொருவரையும் நடக்கச் சொல்லிப் பார்த்தான். மாரிமுத்து நடந்தான். சிப்பாய் கைலியைத் தூக்கச் சொல்லித் தழும்பைப் பார்த்தான். துப்பாக்கிக் கட்டையால் ஒரு தள்ளு... வரிசைக்கு வெளியே. நொண்டியை வைத்துக்கொண்டு யார் ரயில் பாதை போடுவது?

அடுத்து வீரையா. நன்றாக நடந்தான்.

லெட்சுமி ஓடிப்போய்க் கழுத்திலிருந்த மஞ்சள் கயிற்றைத் தூக்கிக் காட்டினாள். கல்யாணம் ஆயிருச்சு, கல்யாணம் ஆயிருச்சு என்று தமிழிலும் மலாயிலும் சொன்னாள். சிப்பாய்க்குப் புரியவில்லை. புரிந்திருந்தாலும் என்ன? அந்தப் பேச்சைக் கிளப்பியவர் ஜப்பானியரிடம் கேட்டுக்கொண்டா கிளப்பினார்! மாரிமுத்து லாரிக்குப் பின்னாலேயே நொண்டிக்கொண்டு போனான். "என்னைய ஏத்துங்கடா! அவன விட்டுட்டு என்னைய ஏத்துங்கடா!" லாரி திரும்பிப் பார்க்கவில்லை.

சண்டை முடிந்தது. போனவர்களில் சிலர் வந்தார்கள். எலும்பும் தோலுமாக வந்தார்கள். அவர்களில் ஒருவர்தான் சொன்னார். வீரையா அங்கே காலராவில் போய்விட்டான்.

லெட்சுமி மாமியாரை விட்டுப் போகவில்லை. மூவரும் ஒரே வீட்டில் இருந்தார்கள். இந்தத் தடவை அஞ்சலை அவளை ஒரு குறையும் சொல்லவில்லை என்பதை நான் சொல்லியாக வேண்டும்.

ஒருநாள் அஞ்சலை காய்ச்சல் மருந்துக்கு ஆஸ்பத்திரிக்கு வந்தார். மாரிமுத்துதான் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தான். மருந்துக்குக் காத்திருந்தபோது, பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்து, மகனின் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"அன்னிக்கி அந்தக் கத்தி இவன் மேல விழுந்துச்சே, டிரெஸரம்மா... சின்னவன் மேலயும் கொஞ்சம் விழுந்திருக்கக் கூடாதா?"

மருந்தை வாங்கிக் கொடுத்து அனுப்பினேன்.

நல்ல நாள் பார்த்துச் சொல்லுங்கள் என்று இப்போதும் என்னிடம் வருகிறவர்கள் உண்டு. பார்த்துச் சொல்வதில் எனக்கு ஒரு சிரமமும் இல்லை... நாள் முடிந்து நாலைந்து வருஷம் கழித்து வாருங்கள்!